அக்கா கல்யாணத்துக்கு யார் தலைமை

எங்கள் மாவட்டச் செயலாளரைக் கட்சி நீக்கிய செய்தி வந்தபோது நான் மேட்டுப்பாளையம் ரயிலில் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். கோவையில் சட்டம் படிக்கிறேன். காரமடையில் இறங்க வேண்டும். அறிக்கை ஐந்தே வரி. கட்டுப்பாட்டை மீறிச் செயல்பட்டதால் அனைத்துப் பொறுப்புகளில் இருந்தும் விடுவிக்கப்படுகிறார், கட்சியினர் யாரும் அவருடன் எந்தவிதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்தது.

எனக்கு முதலில் வந்தது ஒரு துள்ளல். அதைச் சொல்லத்தான் வேண்டும். முந்தின வாரம் மாவட்டக் கூட்டத்தில் அவர் எழுந்து, புறவழிச்சாலைக்கு நிலம் எடுக்கும் விஷயத்தில் தலைமை எடுத்த முடிவு தப்பு, தோட்டத்தை இழக்கப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று பேசியிருந்தார். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அந்த மாதம்தான் நான் வகுப்பில் கட்சித் தாவல் தடைச் சட்டம் பற்றிக் கட்டுரை வாசித்திருந்தேன். கொறடா சொன்னால் கை தூக்குவதற்கு மனுஷன் எதற்கு, ஒரு சுவிட்ச் போதாதா என்று கேட்டுக் கைதட்டு வாங்கியிருந்தேன். இப்போது அதே விஷயம் எங்கள் மாவட்டத்திலேயே, எங்கள் வீட்டில் காபி குடித்த ஒருவருக்கே நடக்கிறது. வண்டி பெரியநாயக்கன்பாளையம் தாண்டுவதற்குள் நீளமாக ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டேன். தனியாக யோசிக்கிற அரசியல்வாதி ஒருவர் போதும், ஒரு மாவட்டமே நிமிரும் என்று அதில் எழுதியிருந்தேன்.

கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது அதற்குப் பிறகுதான்.

அக்காவின் கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது. மாப்பிள்ளை வெள்ளகோவில். அப்பா இருபத்திரண்டு வருஷமாகக் கட்சியில் எங்கள் வார்டுக்குச் செயலாளர். கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் தலைவர் ஒருவர் மேடையேறித் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார். பத்திரிகையில் அவர் பெயருக்கு மேலே ‘தலைமை’ என்று இருக்கும். எங்கள் பத்திரிகையில் மாவட்டச் செயலாளரின் பெயர் இருந்தது, மாப்பிள்ளை பெயரைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில், பொன் நிறத்தில். அப்பாவும் அம்மாவும் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் அழைத்திருந்தார்கள். அவர் எழுந்து நின்று தட்டை இரண்டு கையாலும் வாங்கினாராம். முகூர்த்த நேரத்தை டைரியில் குறித்துக்கொண்டாராம். அப்பா அதைத் தன் லேத் பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகைகள் பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்துவிட்டன.

நான் வீடு சேர்ந்தபோது அப்பா பட்டறையை மூடிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எதிர்முனையில் நகரச் செயலாளர்.

“ஏனுங்கண்ணா, அறிக்கையப் பாத்திருப்பீங்க.”

“பாத்தனுங்க.”

“பத்திரிக்கைல பேரு…”

“இருக்குதுங்க.”

“அதைச் சித்த பாத்துக்குங்க.”

“சரீங்க.”

அவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை வைத்தார்கள். அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாத்துக்குங்கன்னா என்னத்தைங்க பாக்கறது? நீங்களும் சரீங்கறீங்க.”

“வேற என்னன்னு சொல்றது?”

“பேர எடுக்கறமா, இல்லையான்னு சொல்றது.”

அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். எடுக்காவிட்டால் வார்டுச் செயலாளர் பொறுப்பு போய்விடும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அறிக்கையின் கடைசி வரி அதைத்தான் சொல்கிறது.

மறுநாள் காலையில் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ஒரு கவரை அப்பாவிடம் நீட்டினார்கள். உள்ளே கட்டுக்கட்டாக ஸ்டிக்கர்கள். புதிதாக நியமிக்கப்பட்ட மாவட்டப் பொறுப்பாளரின் பெயர், அதே எழுத்துரு, அதே பொன் நிறம். பத்திரிகையில் பழைய பெயர் எவ்வளவு இடம் பிடித்திருந்ததோ, அதே அளவுக்கு வெட்டியிருந்தது.

“அண்ணனுக்குக் கல்யாண வேலை கெடக்கும். செரமம் வேண்டாம்னு நாங்களே அடிச்சுட்டு வந்துட்டமுங்க.”

“நல்லா அடிச்சிருக்கறீங்க. டீ குடிச்சுட்டுப் போங்க.”

குடித்தார்கள். அக்காவின் கல்யாணப் புடவை என்ன நிறம் என்று கேட்டார்கள். போகும்போது அப்பாவின் கையைப் பிடித்து விடைபெற்றார்கள். அப்பா கவரை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். மிரட்டல் இவ்வளவு மரியாதையாக நடக்கும் என்று என் பாடப் புத்தகத்தில் எங்கும் இல்லை. அது மிரட்டல்தானா, உதவியா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது.

ஒரு வாரம் போனது. கவர் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. மிச்சம் இருந்த பத்திரிகைகளை அப்பா பழைய பெயரோடேயே கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் பட்டறைக்கே போய், “நீங்க செய்யறது ரொம்பப் பெரிய விசயமுங்கப்பா” என்றேன்.

“நான் இன்னும் ஒண்ணுமே செய்யலியே கண்ணு” என்றார்.

அந்த வாரக் கடைசியில்தான் பேக்கரிக்காரரிடம் மாட்டினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பேக்கரி வைத்திருப்பவர். ஒரு காலத்தில் கட்சியின் இளைஞர் அணியில் பொறுப்பில் இருந்தவர் என்று மட்டும் எனக்குத் தெரியும். தேங்காய் பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

“உன்ற ஸ்டேட்டஸ் படிச்சேன் அம்மணி. நல்லா எழுதியிருக்கற.”

“தேங்க்ஸுங்க.”

“தனியா யோசிக்கறவருன்னு போட்டிருந்தியே, அதுதான் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தப்பா எடுத்துக்காத.”

பிறகு சொன்னார். முந்தைய உள்ளாட்சித் தேர்தல் ஒன்றில் வேட்பாளர் பட்டியலை ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். இவர் கூட்டத்தில் எழுந்து, வார்டில் இருப்பவர்களைக் கேட்டுப் போடுங்கள் என்றார். மூன்றாம் நாள் இவருக்குப் பொறுப்பு இல்லை. நீக்கியவர் இதே மாவட்டச் செயலாளர்.

“கட்டுப்பாட்டை மீறிட்டேனாமா. அந்த அறிக்கையும் அஞ்சு வரிதான், வேண்ணா எடுத்துக் காட்டறேன்.”

“அப்ப அவரு மோசமானவருங்களா?”

“அப்படி நான் சொல்லலியே. அவரு வீடியோவ நானும் நாலு பேத்துக்கு அனுப்புனேன். சரியாத்தான பேசியிருக்காரு.” பன்னை என் கையில் கொடுத்தார். “என்மேல புகார்னு ஒரு கடுதாசி போச்சு. அதுல உங்கப்பாவும் கையெழுத்துப் போட்டிருந்தாரு. சும்மா சொல்றேன். அதுக்கப்புறமும் தினம் இங்கதான் டீ குடிக்கறாரு.”

நேராகப் பட்டறைக்குப் போனேன். அப்பா ஒரு பம்பு ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருந்தார். கேட்டேன். லேத்தை நிறுத்தினார்.

“ஆமா. போட்டேன்.”

“ஏனுங்கப்பா?”

“போடச் சொன்னாங்க.”

மறுபடி லேத்தை ஓட்டினார். நான் வீட்டுக்கு நடந்தேன்.

அன்றைக்கு மாலையே நான் கட்சி மாறிவிட்டேன். ஃபிரிட்ஜ் மேல் இருந்த கவரை எடுத்து, மேஜையில் பத்திரிகைகளைப் பரப்பி, ஸ்டிக்கர் ஒன்றை உரித்து ஒட்டினேன். தன் கீழே இருந்தவனைப் பேச விடாதவர் மேலே இருப்பவர்களிடம் பேசும் உரிமை கேட்கிறார், அவர் பெயர் எதற்கு எங்கள் பத்திரிகையில்? அக்கா வங்கியிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் என்னையே பார்த்தாள்.

“போன வாரம் அவரு பெரிய வீரரு. இன்னைக்கு ஸ்டிக்கரு. அடுத்த வாரம் யாருடி?”

“உனக்கு யார் வந்தாப் பரவால்லன்னு சொல்லு.”

“நேரத்துக்கு வர்ற ஆளா இருந்தாப் போதும். ராகு காலத்துக்கு முன்னால தாலி மாப்பிள்ளை கைக்குப் போகோணும். எனக்கு அவ்வளவுதான் அரசியல்.”

அப்பா உள்ளே வந்தார். நான் ஒட்டியதைப் பார்த்தார். கோபப்படவில்லை. உட்கார்ந்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக அந்த ஸ்டிக்கரை உரித்தார். கீழே இருந்த பொன் எழுத்துகளும் அதோடு சேர்ந்து வந்துவிட்டன. ‘தலைமை’ என்ற சொல்லும் அதன் கீழே வெறும் இடமும் மிச்சம். அந்தப் பத்திரிகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“தட்டு வெச்சு அழைச்சுப்போட்டோம் கண்ணு. இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி வராதீங்கன்னு சொல்றது?”

“இதுக்காகத்தானுங்களா? அந்த ரோட்டு விசயத்துக்காக இல்லீங்களா?”

“ரோட்டு விசயத்துல அவரு பேசுனது சரிதான். அன்னைக்குக் கூட்டத்துல நானும் மூணாவது வரிசைல உக்காந்திருந்தேன். பேசி முடிச்சுட்டு எங்களையெல்லாம் ஒருக்கா பாத்தாரு. ஒருத்தரும் எந்திரிக்கல.”

“நீங்களுமா?”

“நான் கீழ குனிஞ்சு செருப்பப் பாத்துட்டிருந்தேன்.”

இப்படிச் சொல்கிறவரை என்ன செய்வது? கொள்கைக்காக நிற்கிறார் என்று நினைத்தால் வெற்றிலைத் தட்டைச் சொல்கிறார். அப்படியானால் வெறும் மரியாதைக்காகப் பொறுப்பை விடத் துணிகிற இவர், கூட்டத்தில் எழுந்து நிற்கவே பயந்தாராம். நான் என் கட்டுரையில் அரசியல்வாதிகளை இரண்டு வகையாகப் பிரித்திருந்தேன்: தனியாக யோசிக்கிறவர்கள், சொன்னால் கை தூக்குகிறவர்கள். அப்பா இரண்டிலும் இல்லை. மாவட்டச் செயலாளரோ, பார்க்கிற வருஷத்தைப் பொறுத்து, இரண்டிலும் இருந்தார்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அப்பாவைப் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் நகரச் செயலாளரே ‘வருத்தத்துடன்’ என்று தொடங்கி அறிவித்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து அவரே போன் செய்தார்.

“ஏனுங்கண்ணா, பந்திக்கு எலை சொல்லிட்டீங்களா? கோபில நம்ம பையன் ஒருத்தன் இருக்கான். நல்ல தலைவாழை எலையா எறக்கித் தரச் சொல்றேன்.”

“சொல்லீருங்க. நல்லதாப் போச்சு.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பொறுப்பப் புடுங்கறது ஒரு போன்ல, எல போடறது ஒரு போன்லயாமா.” அப்பா அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இருபத்திரண்டு வருஷம். தெருவிளக்கு எரியாவிட்டால், ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போனால் ஆட்கள் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். அப்பாவுக்கு அதைவிட வேறு சந்தோஷம் இருந்ததாக எனக்குத் தெரியாது. வார்டுச் செயலாளர் என்று அச்சடித்த லெட்டர் பேடை மறுநாள் காலையில் அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றியிருந்தார்.

இதையெல்லாம்கூட நான் ஒரு மாதிரி புரிந்துகொண்டிருப்பேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் நடந்தது வேறு. வீடு முழுக்க ஒறம்பரை, சொந்தக்காரர்கள் கூட்டம். வாசலில் பந்தல்கால் நட்டாயிற்று. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா சத்தத்தைக் கூட்டினார். நீக்கப்பட்ட எங்கள் மாவட்டச் செயலாளர் எதிர்க்கட்சி மேடையில் நின்று சால்வை வாங்கிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் யாரைத் திட்டினாரோ அவர்களையே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார்.

மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க மச்சான், ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் ஒட்டோணுமாட்ட இருக்குதே.”

கூடமே சிரித்தது. அப்பாவும் லேசாகச் சிரித்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, “ரோட்டப் பத்தி ஏதாச்சும் பேசுனாரா?” என்று கேட்டார். எதிர்க்கட்சி மேடையில் அவர் பேசிய வீடியோவை அதற்குள் நான் போனில் இரண்டு முறை முழுதாகப் பார்த்திருந்தேன்.

“இல்லீங்கப்பா. ஒரு வார்த்தைகூட இல்ல.”

“ம்.”

“இப்பவாச்சும் போனப் போட்டு வேண்டாம்னு சொல்லீருங்க” என்றாள் அம்மா.

“அவரா வரலீன்னு சொன்னாச் சரி. நாம சொல்லக் கூடாது.”

அவராகவும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து, “காலைல ஒம்பது மணிக்கு வாரனுங்க” என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடி ஒன்பதுக்கு வந்தார். வேட்டிக் கரையின் நிறம் மாறியிருந்தது. கூட வழக்கமாக வருகிற ஐம்பது பேரில் நாலு பேர்தான் இருந்தார்கள். மண்டபத்தின் முன்வரிசைகளில் அப்பாவின் பழைய கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். புதிய பொறுப்பாளரும் இருந்தார். அவரையும் அப்பா நேரில் போய் அழைத்திருந்தார், சும்மா விருந்தாளியாக. சண்டை வரும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர் மேடைப் படியில் கால் வைத்ததும், முன்வரிசையில் ஒருவர் எழுந்து, “பந்தி போட்டாச்சுங்களா?” என்று பொதுவாகக் கேட்டார். அவ்வளவுதான். மூன்று வரிசையும் எழுந்து அமைதியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. வெளிநடப்பு என்று யாரும் சொல்ல முடியாது. பசி என்றுதான் சொல்ல வேண்டும்.

காலியான முன்வரிசையில் ஒரே ஒரு ஆள் மிச்சம். பேக்கரிக்காரர். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பூத்தட்டோடு அவர் பக்கம் போனபோது, “நீங்க போகலீங்களா?” என்றேன்.

“எனக்குப் பசிக்கல அம்மணி.”

மேடையில் நின்றவர் முன்வரிசையைப் பார்த்தார். பேக்கரிக்காரரையும் பார்த்திருப்பார். மைக்கை நீட்டினார்கள். மைக் கிடைத்தால் அரை மணி நேரம் பேசுகிறவர் அன்றைக்கு, “ரெண்டு பேரும் நல்லா இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாலியை எடுத்தார். அக்காவுக்கு வேண்டியபடி எல்லாம் ராகு காலத்துக்கு முன்னால் முடிந்தது.

இறங்கும்போது அவர் அப்பாவின் தோளில் கை போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“நீங்களும் வந்துருங்க. அங்க உங்களுக்கு நல்ல எடமாச் சொல்லி வெச்சிருக்கறேன்.”

“சாப்புட்டுப் போங்க” என்றார் அப்பா.

“எனக்காக இவ்வளவு செஞ்சிருக்கறீங்க…”

“அதுக்கில்லீங்க. சாப்புட்டுப் போங்க.”

அவர் சாப்பிடாமல் போனார். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் புதிய பொறுப்பாளர் அப்பாவிடம் சாம்பாரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

தாலி எடுத்துக் கொடுத்தவர் அன்றைக்கு ஏதோ கொஞ்சம் வெட்கப்பட்டார் என்று எனக்குத் தோன்றியது. அப்படி நினைக்க எனக்கு ஆசையாக இருந்ததால் தோன்றியிருக்கலாம். புறவழிச்சாலைக்குத் தோட்டத்தை இழக்கப் போகிறவர்களிடம் ஒரு அதிகாரி வந்து மனு வாங்கிக்கொண்டு போனதாக அடுத்த வாரம் கேள்விப்பட்டேன். மாவட்டக் கூட்டத்தில் எடுத்த அந்த வீடியோ இல்லாவிட்டால் அதிகாரி வந்திருக்க மாட்டார் என்கிறார்கள். பேசியவர் நிலைக்கவில்லை, பேசியது ஒரு அதிகாரியை நடக்க வைத்திருக்கிறது. இதில் எதைப் பாராட்டுவது என்று தெரியாமல் என் பழைய ஸ்டேட்டஸ் பற்றிக் கேட்பவர்களிடம் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்து, நகரச் செயலாளரும் புதிய பொறுப்பாளரும் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வார்டுக்கு இன்னும் யாரையும் போடவில்லை.

“ஒரு கடுதாசி குடுத்துருங்கண்ணா. பேருக்குத்தான். தெரியாம நடந்துபோச்சுன்னு ரெண்டு வரி. மறு வாரமே பழையபடி நீங்கதான்.”

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவர்களை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தவர், “எழுது கண்ணு” என்றார். எழுதினேன். ‘என் மகளின் திருமணத்துக்கு முன்னாள் மாவட்டச் செயலாளர் தலைமை வகித்தார். இது தெரியாமல் நடந்த தவறு, வருந்துகிறேன். தொடர்ந்து கட்சிப் பணியாற்ற வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்.’ மூன்றே வரி.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவை வாங்கி நடுவரியை அடித்தார்.

“தெரிஞ்சுதான கண்ணு செஞ்சேன்.”

“அப்ப இது மன்னிப்புக் கடிதமே இல்லீங்கப்பா. நடந்ததைச் சொல்லி, வேலை கேக்கற கடிதம்.”

“அது போதாதா?”

“போதாதுங்கப்பா. அவங்க கேட்டது அந்த நடுவரி மட்டும்தான்.”

“இப்படியே நல்லா எழுதிக் குடு.”

இரண்டு வரியாக எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு மாதமாகிறது. பதில் இல்லை. வேறு ஆளையும் போடவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அப்பாவை நீக்கவில்லை. தினமும் காலையில் எல்லாச் செய்திகளையும் ஒன்றுவிடாமல் படிக்கிறார். நான் கல்லூரியிலிருந்து வந்ததும், “ஏதாச்சும் தெரிஞ்சுதா?” என்று கேட்கிறார், எனக்குத்தான் ஏதோ தகவல் வரப்போவதைப் போல.

நேற்று, “மறுபடியும் ஒண்ணு எழுதட்டுங்களாப்பா?” என்றேன்.

“என்னன்னு எழுதுவ?”

பையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மறுபடியும் அதே இரண்டு வரிதான் வந்தது.